கால் சுண்டுவிரலில் சூடு காட்டினால் குழந்தை தலை திரும்புமா?

கேள்வி: எனக்கு 29 வயது. முதல் பிரசவம். சிங்கப்பூரில் செங்காங் பக்கம் இருக்கிறோம். 32 வாரம் முடிந்து நான்கு நாள் ஆகிறது. போன ஸ்கேனில் குழந்தையின் தலை மேலே, பிட்டம் கீழே என்று சொல்லிவிட்டார்கள். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி, மூலிகைக் குச்சி ஒரு பெட்டி கொடுத்து, தினமும் கால் சுண்டுவிரல் ஓரமாகக் கொளுத்திக் காட்டினால் குழந்தை திரும்பிவிடும், அவர் மகளுக்கு அப்படித்தான் திரும்பியது என்கிறார். தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அம்மா, வயிற்றுப்பிள்ளைக்காரிக்குச் சூடு ஆகவே ஆகாது என்று பெட்டியை ஒளித்து வைத்துவிட்டார். கணவர் இதெல்லாம் மூடநம்பிக்கை என்கிறார். செய்யலாமா? பலன் இருக்குமா? சிசேரியன்தான் என்று முடிவாகிவிட்டதா? வலது விலாவுக்குக் கீழே பந்து மாதிரி ஏதோ முட்டிக்கொண்டே இருக்கிறது, அது என்ன?

பதில்:

அந்தப் பந்து பெரும்பாலும் உங்கள் குழந்தையின் தலைதான். இரண்டு பக்கமும் விரலை வைத்து மெதுவாகத் தட்டிப் பாருங்கள், தண்ணீரில் மிதக்கும் தேங்காய் மாதிரி லேசாக அசைந்து கொடுக்கும். பிட்டம் அப்படி அசையாது, மெத்தென்று இருக்கும். உதையெல்லாம் அடிவயிற்றில், மூத்திரப்பையின் மேலேயே விழுகிறது என்றால் இன்னும் உறுதி.

சிசேரியன் என்று எதுவும் முடிவாகவில்லை. 28 வாரத்தில் ஐந்தில் ஒரு குழந்தை இப்படித் தலை மேலாகத்தான் இருக்கும், பிரசவ நேரத்தில் அது 100-க்கு மூன்று நான்காகக் குறைந்துவிடுகிறது. நடுவில் யாரும் ஒன்றும் செய்யாமலேயே மீதிக் குழந்தைகள் திரும்பிவிடுகின்றன. உள்ளே இடமும் பனிக்குட நீரும் தாராளமாக இருக்கும்வரை குழந்தை குட்டிக்கரணம் அடித்துக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் உட்கார்ந்த விதத்தாலோ, படுத்த பக்கத்தாலோ, வேலைக்குப் போனதாலோ இப்படி ஆனது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கர்ப்பப்பையின் வடிவம், நார்க்கட்டி, நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருப்பது, நீர் கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பது, இப்படிச் சில காரணங்கள் உண்டு. பலருக்கு எந்தக் காரணமும் கிடைக்காது.

ஆன்ட்டியின் குச்சிக்கு வருகிறேன். செய்யலாம். ஆனால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிட்டு, 33 வாரம் பிறந்த பிறகு, பத்து நாள் அல்லது இரண்டு வாரம், அதற்கு மேல் வேண்டாம். 36-வது வாரத்தில் நடக்க வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது, அதைத் தள்ளிப்போட இந்தக் குச்சி காரணமாகிவிடக் கூடாது. நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

அது என்ன என்று அம்மாவுக்கும் கணவருக்கும் தெரிந்தால் பாதிச் சண்டை குறையும். சீனர்கள் ‘ஐ’ என்று சொல்லும் செடியின் இலையைக் காயவைத்து, நாள்பட வைத்திருந்து, இடித்துச் சலித்தால் பஞ்சு மாதிரி ஒன்று கிடைக்கும். அதை மெல்லிய தாளில் இறுக்கிச் சுருட்டியதுதான் உங்கள் பெட்டியில் இருக்கும் குச்சி, பார்க்கப் பெரிய சுருட்டு மாதிரி, ஒரு சாண் நீளம். நம்ம ஊர் மரிக்கொழுந்தும் இதே குடும்பத்துச் செடிதான், நெருங்கிய உறவு. நாம் வாசலில் வேப்பிலை செருகுவது போல, அவர்கள் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் டிராகன் படகுத் திருவிழாவுக்கு இந்தச் செடியைக் கதவில் கட்டுவார்கள். மருந்துக்கும் மங்கலத்துக்கும் ஒரே செடி என்பது நமக்குப் புதிதில்லையே. வெளிநாட்டில் இதை மாக்ஸா என்கிறார்கள், ஜப்பானியர் சொல்லும் ‘மோகுசா’விலிருந்து வந்த பெயர்.

நாம் அக்குபங்சர் என்று சொல்வதைச் சீனர்கள் ‘ஜென்ஜியூ’ என்பார்கள். ஜென் என்றால் ஊசி, ஜியூ என்றால் சூடு காட்டுவது. ஊசியும் சூடும் சேர்ந்துதான் அவர்களுக்கு ஒரு வைத்தியம். 1973-ல் ஹுனான் மாகாணத்தில் மாவாங்துய் என்ற இடத்தில் தோண்டிய கல்லறை கி.மு. 168-ல் மூடப்பட்டது, அதில் கிடைத்த பட்டுத்துணிச் சுவடிகளில் உடம்பின் நாடிப் பாதைகளைச் சொல்லும் இடங்களில் சூடு காட்டுவதுதான் வருகிறது. அவ்வளவு பழைய வழக்கம். பிரசவத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பும் பழையதுதான். தாங் அரசர் காலத்து மருத்துவர் ஜாங் வென்ஜோங் பற்றி ஒரு குறிப்பு பழைய சீன மருத்துவ நூல்களில் வரும். குழந்தை குறுக்கே கிடந்து கை முதலில் வெளியே வந்துவிட்ட ஒரு பெண்ணுக்கு, மந்திரமும் மருந்தும் பலிக்காமல் போன பிறகு, வலது கால் சுண்டுவிரல் நுனியில் கோதுமை மணி அளவு மூலிகையை வைத்து மூன்று முறை கொளுத்தினாராம், உடனே பிள்ளை பிறந்ததாம். இன்று கை முதலில் வந்தால் நேரே ஆபரேஷன் தியேட்டருக்குத்தான், அதில் பேச்சே கிடையாது. ஆனால் சுண்டுவிரல் என்ற இடம் எத்தனை நூற்றாண்டாக இந்தக் காரியத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதற்காகச் சொன்னேன். அந்தப் புள்ளிக்கு ‘ஜீயின்’ என்று பெயர். சிறுநீர்ப்பைப் பாதை என்று அவர்கள் சொல்லும் கோடு முடிகிற கடைசிப் புள்ளி, சுண்டுவிரல் நகத்தின் வெளி மூலையில் இருக்கிறது.

பலன் இருக்குமா என்றால், ஆன்ட்டி சொல்வதிலும் உண்மை இருக்கிறது, உங்கள் கணவர் சந்தேகப்படுவதிலும் உண்மை இருக்கிறது. பிரான்செஸ்கோ கார்டினி என்ற இத்தாலிய மருத்துவர், ஹுவாங் வெய்ஷின் என்ற சீன மருத்துவரோடு சேர்ந்து ஜியாங்ஷி மாகாணத்தில் ஒரு ஆராய்ச்சி செய்து 1998-ல் வெளியிட்டார். எல்லோரும் உங்களைப் போல முதல் பிரசவக்காரர்கள், 33-வது வாரம், குழந்தை தலை மேலே. 130 பேருக்கு இந்தச் சூடு, 130 பேருக்கு ஒன்றும் இல்லை. 35-வது வாரத்தில் பார்த்தபோது சூடு காட்டியவர்களில் 98 குழந்தைகள் தலை கீழாகத் திரும்பியிருந்தன. பெரிய வெற்றிதான். ஆனால் அடுத்த எண்ணையும் பாருங்கள், ஒன்றும் செய்யாமல் விட்ட 130 பேரில் 62 குழந்தைகள் தாங்களாகவே திரும்பியிருந்தன. கிட்டத்தட்டப் பாதி! எதிர்வீட்டு ஆன்ட்டியின் மகளுக்குக் குழந்தை திரும்பியது குச்சியாலா, தானாகவா என்று யாராலும் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். குச்சி பிடிக்காதவர் வீட்டிலும் குழந்தை திரும்பியிருக்கும், அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

கார்டினி அதோடு விடவில்லை, தன் சொந்த நாட்டில் அதையே திரும்பச் செய்து பார்த்தார். இத்தாலியப் பெண்கள் பலருக்கு வாடை பிடிக்கவில்லை, குமட்டல், தொண்டைக் கரகரப்பு, சிலருக்கு வயிறு இறுக்கிப் பிடிப்பது, நிறையப் பேர் பாதியில் விட்டுவிட்டார்கள். 123 பேரோடு ஆராய்ச்சியை நிறுத்த வேண்டியதாயிற்று. அதுவரை பார்த்ததில் குழந்தை திரும்பியது சூடு காட்டியவர்களில் 65-க்கு 22, காட்டாதவர்களில் 58-க்கு 21. ஏறக்குறைய ஒன்றுதான். 2005-ல் அதையும் மறைக்காமல் வெளியிட்டார், அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. ஜெனீவாவில் 212 பேரிடம் பார்த்தார்கள், 34 வாரத்துக்கு மேல் தொடங்கினார்கள், குழந்தை திரும்பியது சூடு காட்டியவர்களில் 18 சதவீதம், காட்டாதவர்களில் 16 சதவீதம், வித்தியாசமே இல்லை. ஸ்பெயினில் 33 முதல் 35 வாரத்துக்குள் தொடங்கி, சுமார் 400 பேரிடம் பார்த்தபோது சூடு காட்டியவர்களில் 58 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 45 சதவீதம்.

இப்படிப் பல இடங்களில் நடந்த ஆராய்ச்சிகளைச் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் தொகுப்பு கடைசியாக 2023-ல் புதுப்பிக்கப்பட்டது. அது சொல்வதை வீட்டுக் கணக்காகச் சொன்னால், ஒன்றும் செய்யாத 100 பேரில் 50 குழந்தைகள் பிரசவம்வரை திரும்பாமல் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், சூடு காட்டிய 100 பேரில் 43, 44 குழந்தைகள் அப்படி இருக்கும். ஆறேழு பேருக்குத்தான் லாபம். சிசேரியன் எண்ணிக்கை பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. சின்ன லாபம்தான், ஆனால் ஒழுங்காகச் செய்தால் கெடுதல் மிகக் குறைவு. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி தன் 2017 வழிகாட்டுதலில், 33 முதல் 35 வாரத்துக்குள், பயிற்சி பெற்றவர் வழிகாட்ட, விரும்புகிற பெண்கள் இதை யோசிக்கலாம் என்று எழுதியிருக்கிறது. மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது என்பதை உங்கள் கணவருக்கு இதை வைத்துச் சொல்லுங்கள்.

எப்படி வேலை செய்கிறது என்பதற்கு உறுதியான விடை இல்லை. ஜியாங்ஷியில் ஒரு மணி நேரத்துக்குக் குழந்தையின் அசைவை எண்ணச் சொன்னபோது, சூடு காட்டிய தாய்மார்களுக்குச் சராசரியாக 48, மற்றவர்களுக்கு 35. குழந்தை அதிகம் புரண்டால் திரும்ப வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான் நம் கையில் இருக்கும் துப்பு.

செய்முறையை நேரில் ஒருவர் காட்டித் தருவதுதான் நல்லது. சிங்கப்பூரில் சீன மருத்துவர்கள் முறையாகப் பதிவு செய்திருக்க வேண்டும், அப்படிப் பதிவு பெற்றவரிடம் ஒரு முறை போய் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, கணவரையும் கூட்டிப் போங்கள், ஏனென்றால் 33 வார வயிற்றை வைத்துக்கொண்டு உங்கள் கால் சுண்டுவிரலை உங்களாலேயே எட்ட முடியாது. குச்சி பிடிக்கப் போவது அவர்தான். நான் இதைக் கற்றுக்கொண்டபோது முதலில் என் காலிலேயே பிடித்துப் பார்த்தேன். முனையைக் கொளுத்தினால் சுடர் எரியக் கூடாது, ஊதுவத்தி மாதிரி கனன்று சிவப்பாக இருக்க வேண்டும். தோலில் படவே கூடாது, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி. முதல் ஒரு நிமிடம் ஒன்றும் தெரியாது, பிறகு இதமான சூடு, அப்புறம் திடீரென்று சுரீரென்று ஒரு குத்து. அந்தக் குத்து வந்த நொடியில் விலக்கிவிட வேண்டும், பிறகு மறுபடி கிட்டே கொண்டு வரலாம். சீனர்கள் இப்படிக் கிட்டே கொண்டு போய் எடுப்பதைக் குருவி கொத்துவது என்கிறார்கள், பொருத்தமான பெயர். ஒரு காலுக்கு 15 நிமிடம், இரண்டு காலுக்கும் சேர்த்து அரை மணி, நாளுக்கு ஒரு தடவை போதும். சாம்பல் தானாக விழும் முன்னால் ஒரு பழைய தட்டில் தட்டிவிடுங்கள். அது தோலில் விழுந்தால் கொப்பளம்தான்.

சாய்ந்து உட்காருங்கள், மல்லாந்து நீட்டிப் படுக்காதீர்கள், இந்த மாதத்தில் மல்லாந்தால் தலை சுற்றும். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள், புகை நிறையவே வரும், வாடையும் இரண்டு நாள் திரைச்சீலையில் நிற்கும். புகை இல்லாத கரிக்குச்சியும் கிடைக்கிறது, உங்களுக்கு இளைப்பு இருந்தால் அதைக்கூட வேண்டாம் என்றுதான் சொல்வேன். முடிந்ததும் தண்ணீரில் முக்கினால் குச்சி வீணாகிவிடும், ஒரு கண்ணாடி ஜாடியில் பச்சரிசி கொட்டி அதில் முனையைக் குத்தி நிறுத்திவிடுங்கள், அணைந்துவிடும். அணைந்ததா என்று பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், உள்ளே கனல் ஒளிந்திருக்கும்.

சிலர் இந்தக் குச்சியைத் தொடவே கூடாது. இரட்டைக் குழந்தை, ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழே மூடிக்கொண்டிருப்பது, பனிக்குடம் உடைந்தது, ரத்த அழுத்தம் ஏறியது, முன்பு கர்ப்பப்பையில் ஆபரேஷன் செய்த தழும்பு, குறைமாதப் பிரசவம் ஆகும் அபாயம், சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள், இவர்கள் யாருக்கும் வேண்டாம். வேறு காரணத்துக்காக ஏற்கெனவே சிசேரியன் என்று முடிவாகிவிட்டவர்களுக்கும் இதில் ஒரு பயனும் இல்லை. உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் இல்லை, ஆனால் ஸ்கேன் ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை, உங்கள் மருத்துவர் பார்த்திருக்கிறார். அவரிடம் சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். நடுவில் வயிறு விட்டு விட்டு இறுகினால், நீர் கசிந்தால், ரத்தம் பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால், குச்சியை அணைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காலைவரை காத்திருக்க வேண்டாம்.

அம்மாவிடம் கோபப்படாதீர்கள். பப்பாளி சூடு, எள் சூடு என்று காலங்காலமாக நம் வீடுகளில் கர்ப்பிணியைச் சூட்டிலிருந்துதான் காத்து வந்திருக்கிறார்கள். சீன வீட்டில் போய்ப் பாருங்கள், அங்கே குளிர்தான் எதிரி, பிள்ளை பெற்றவளைக் காற்று படாமல் பொத்தி வைப்பார்கள். இரண்டு பாட்டிகளுக்கும் மகள்மேல் இருக்கிற அக்கறை ஒன்றேதான். சுண்டுவிரல் ஓரத்தில் காட்டுகிற இந்தச் சூடு உங்கள் உடம்புச் சூட்டை ஏற்றாது என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள், கொதிக்கிற வெந்நீர்த் தொட்டியில் உட்காருவதும் நீராவி அறைக்குள் போவதும்தான் கர்ப்ப காலத்தில் கூடாது. முதல் நாள் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், வயிற்றில் கை வைத்துப் பார்க்கட்டும், பேரப்பிள்ளை புரளுவது கையில் தெரிந்தால் பயம் தானாகக் குறையும். ஆனால் ஊரில் மருத்துவச்சி எண்ணெய் தடவித் திருப்பிவிடுவார், இங்கேயும் யாராவது கிடைப்பார்களா பார்க்கலாம் என்று அவர் சொன்னால், அதற்கு மட்டும் கண்டிப்பாக முடியாது என்று சொல்லிவிடுங்கள். வயிற்றைக் கையால் திருப்புவது நிஜமான வைத்தியம்தான், அதனால்தான் அதை ஆஸ்பத்திரியில் மட்டும் செய்ய வேண்டும்.

36-வது வாரத்தில் நடக்க வேண்டிய காரியம் என்று சொன்னேனே, அது இதுதான். குழந்தை அதற்குள் திரும்பவில்லை என்றால், மருத்துவர் வெளியிலிருந்து இரண்டு கையாலும் பிட்டத்தை இடுப்பிலிருந்து மேலே தூக்கி, தலையை வழிகாட்டிக் குட்டிக்கரணம் போட வைப்பார். கர்ப்பப்பை தளர ஒரு ஊசி போடுவார்கள், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே செய்வார்கள், முன்னும் பின்னும் குழந்தையின் இதயத் துடிப்பை வரைந்து பார்ப்பார்கள், உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் அதற்கும் ஒரு ஊசி உண்டு. அழுத்தம் இருக்கும், சிலருக்கு நன்றாகவே வலிக்கும், தாங்க முடியவில்லை என்று நீங்கள் சொன்னால் நிறுத்திவிடுவார்கள். முதல் பிரசவக்காரர்களுக்கு 100-க்கு 40 பேருக்குத் திரும்புகிறது, ஏற்கெனவே பெற்றவர்களுக்கு 60. அவசரமாகச் சிசேரியன் செய்ய வேண்டி வருவது 200 பேரில் ஒருவருக்கு, அதனால்தான் தியேட்டர் பக்கத்திலேயே இருக்கிற இடத்தில் செய்கிறோம். 36 வாரத்துக்குப் பிறகு முதல் பிரசவத்தில் குழந்தை தானாகத் திரும்புவது 100-க்கு 8 பேருக்குத்தான். குச்சியையும் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எதை நழுவவிடக் கூடாது என்று தெரியும்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. 36-ல் தேதி கொடுத்தோம், இன்னும் ஒரு வாரம் மாக்ஸா செய்து பார்க்கிறேன் டாக்டர் என்று போனில் தள்ளிப்போட்டார், அப்புறம் இன்னொரு வாரம். காலில் இரண்டு பக்கமும் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கொப்பளத் தழும்புகளோடு, பனிக்குடம் உடைந்து விடியற்காலையில் வந்து சேர்ந்தார். குழந்தையின் பிட்டம் இடுப்பில் இறங்கிவிட்டது, கையால் திருப்ப வழியே இல்லை. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், ஆனால் ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “நான் சரியாகப் பிடிக்கவில்லையா டாக்டர்?” என்பதுதான். அவர் சரியாகத்தான் பிடித்திருந்தார். குழந்தை திரும்பவில்லை, அவ்வளவுதான். அந்தத் தேதியை நாங்கள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை நினைக்கிறேன், அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்துகிறேன்.

கையால் திருப்பிப் பார்த்தும் திரும்பாவிட்டால் சிசேரியன் பற்றிப் பேசுவார்கள். 2000-ல் 26 நாடுகளில் 2,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த பெரிய ஆராய்ச்சிக்குப் பிறகு, திரும்பாத குழந்தைக்குத் திட்டமிட்ட சிசேரியன் என்பதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கமாகிவிட்டது. கைதேர்ந்தவர்கள் இருக்கும் சில ஆஸ்பத்திரிகளில், எல்லாம் பொருந்தி வந்தால், பிட்டம் முதலாகவே சுகப்பிரசவம் பார்ப்பதும் உண்டு, கேட்டுப் பார்க்கலாம். அதையெல்லாம் 36-க்குப் பிறகு பேசிக்கொள்ளலாம், இப்போது அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வாரமே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். மாக்ஸா செய்யலாமா என்று கேட்கும்போதே, 35 வாரம் முடிகிற சமயத்தில் ஒரு ஸ்கேனுக்கும், 36-ல் கையால் திருப்புவதற்கும் தேதி வாங்கிவிடுங்கள். தேதிகள் கையில் வந்த பிறகு அம்மாவிடமிருந்து பெட்டியை வாங்குங்கள். குச்சி பிடிக்கும் நாட்களில் ஒரு ராத்திரி வயிறு முழுக்கக் கடல் மாதிரிப் புரண்டு, காலையில் விலாவுக்குக் கீழே அந்தப் பந்து இல்லாமல், உதை மேலேயும் விக்கல் அடிவயிற்றிலும் வந்தால், அன்றே குச்சியை நிறுத்திவிட்டு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். திரும்பிய பிறகும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம்.